கல்யாண விசிடி ஐஎஸ்ஓ ஆச்சு, ஆனா ஓடல: எந்த டிஸ்க்குக்கு எந்த இமேஜ்?

தறிக்காரர், அம்மாபேட்டை
ஜூலை 6, 2024, இரவு 9.12

2004 கல்யாண விசிடி, மூணு டிஸ்க். மூணையும் ஐஎஸ்ஓவா, அதாவது டிஸ்க் முழுசையும் ஒரே ஃபைலா அடக்கற இமேஜா மாத்தி ஹார்ட் டிஸ்க்ல போட்டாச்சு. எர்ரர் எதுவும் காட்டல. முதல் டிஸ்க் 460 எம்பி சொச்சம். விண்டோஸ் 10ல டபுள் கிளிக் பண்ணா மவுண்ட் ஆகுது (நிஜ டிஸ்க் போட்ட மாதிரி டிரைவா வருது), ஃபோல்டரெல்லாம் தெரியுது. எம்பெக்ஏவி ஃபோல்டர்ல இருக்கற டேட் ஃபைலைத் திறந்தா பச்சைக் கட்டமும் கரகரன்னு சத்தமும்தான். அதே டிஸ்க் பழைய பிளேயர்ல நல்லா ஓடுது. ஐஎஸ்ஓன்னா அச்சு அசல் காப்பிதானே?

நாலுரோடு
ஜூலை 6, இரவு 10.05

இல்லைங்க. ஐஎஸ்ஓ அச்சு அசல் கிடையாது. கோளாறே அங்கதான்.

சிடியில் ஒரு செக்டர், அதாவது டிஸ்க்கைப் பிரித்திருக்கும் ஒரு துண்டு, 2352 பைட். சாதாரண டேட்டா டிஸ்க்கில், அதாவது மோட் 1ல், இதைப் பங்கு பிரித்தால்: 12 பைட் சிங்க், 4 பைட் ஹெடர், 2048 பைட் நம்ம டேட்டா, 4 பைட் பிழை கண்டுபிடிக்க, 8 பைட் சும்மா, 276 பைட் பிழை திருத்த. ஐஎஸ்ஓ எடுக்கிற மென்பொருள் நடுவில் இருக்கிற 2048ஐ மட்டும் எடுத்து வரிசையாக அடுக்கும். மீதியை எழுதும்போது டிரைவே புதிதாகப் போட்டுக்கொள்ளும் என்பதால் டேட்டா டிஸ்க்குக்கு இது நஷ்டமில்லை.

விசிடி அப்படி இல்லை. படம் இருக்கிற டிராக் மோட் 2 ஃபார்ம் 2 என்ற வேறு வகை. படத்தில் ஒரு பைட் கெட்டால் கண்ணுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டு, பிழை திருத்தும் 276 பைட்டையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஆக ஒரு செக்டரில் 2324 பைட் படம். உங்கள் மென்பொருள் அதில் 2048ஐ எடுத்துக்கொண்டு 276ஐக் கீழே போட்டுவிட்டது. ஒவ்வொரு செக்டரிலும். நொடிக்கு 75 செக்டர். பச்சைக் கட்டம் வராமல் என்ன செய்யும்?

ஃபோல்டர் தெரிவதற்குக் காரணம், விசிடியின் முதல் டிராக் மட்டும் சின்ன ஐஎஸ்ஓ 9660 பகுதி. அது ஃபார்ம் 1, அங்கே 2048தான். அதனால் அட்டவணை பிழைத்துவிட்டது, படம் போய்விட்டது.

460 எம்பியை 2048ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2,25,000 செக்டர், அதாவது 50 நிமிடம். சரியாக எடுத்திருந்தால் 529 எம்பி வந்திருக்கும். எர்ரர் காட்டாத மென்பொருள்தான் இதில் ஆபத்து. பல டிரைவ்களும் மென்பொருள்களும் இந்த டிராக்கை 2048ஆகக் கேட்டால் தரமாட்டேன் என்று நின்றுவிடும். அதுவே நல்லது.

அந்த ஐஎஸ்ஓவை அழித்துவிடலாம். அதிலிருந்து மீட்க ஒன்றுமில்லை.

நாலுரோடு
ஜூலை 6, இரவு 10.31

என்ன செய்யணும் என்பதை விட்டுவிட்டேன்.

விண்டோஸில் இம்க்பர்ன். "டிஸ்க்கிலிருந்து இமேஜ் ஃபைல்" என்பதைக் கொடுத்தால், இது வெறும் டேட்டா இல்லை, டிராக் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று பார்த்து, அதுவே பின்/க்யூ ஜோடியாக எடுக்கும்: செக்டர்கள் முழுசாகப் பின் ஃபைலில், டிராக் அட்டவணை க்யூ ஃபைலில். வேகம் 8 எக்ஸ் போதும். 52ல் ஓடவிட்டால் பழைய எழுது டிஸ்க் திணறும்.

லினக்ஸில் சிடிஆர்டாவோ. ரீட்-சிடி கட்டளையோடு ரீட்-ரா ஸ்விட்ச் கட்டாயம் போடணும். அது டாக் என்ற அட்டவணை ஃபைல் தரும். கூடவே வருகிற டாக்2க்யூ அதை க்யூவாக மாற்றும்.

படம் மட்டும் போதும் என்றால் விசிடி இமேஜர் தொகுப்பில் விசிடிஎக்ஸ்ரிப் இருக்கிறது. பின் ஃபைலைக் கொடுத்தால் எம்பெக்கை வெட்டித் தரும். மறுபடி என்கோட் செய்யாது, தரம் குறையாது. 352 x 288 படத்தில் குறைய என்ன மிச்சம் என்று கேட்காதீங்க.

சூரமங்கலம்
ஜூலை 7, காலை 7.48

எதுக்கு இவ்வளவு? டேட் ஃபைலை அப்படியே காப்பி பண்ணி எம்பிஜின்னு பேர் மாத்துங்க. பின் ஃபைலையும் ஐஎஸ்ஓன்னு பேர் மாத்தினா மவுண்ட் ஆகும். நான் பல தடவை பண்ணிருக்கேன்.

நாலுரோடு
ஜூலை 7, காலை 9.20

முதல் பாதி, விண்டோஸில் மட்டும், பாதி சரி. விசிடியிலிருந்து டேட் ஃபைலை விண்டோஸ் காப்பி செய்யும்போது 2352ஐயும் முழுசாக எடுத்து, முன்னால் 44 பைட் ரிஃப் ஹெடர் ஒன்றை ஒட்டித் தரும். விஎல்சி அதைப் புரிந்துகொண்டு ஓட்டும். அது ஓடுவது பேர் மாற்றியதால் அல்ல, மாற்றாவிட்டாலும் ஓடும். எடிட்டிங் மென்பொருளில் போட்டால் பல நேரம் திணறும், ஏனென்றால் உள்ளே செக்டர் ஹெடர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. லினக்ஸில் மவுண்ட் செய்து காப்பி செய்தால் நேராக இன்புட்/அவுட்புட் எர்ரர்.

இரண்டாம் பாதி தப்பு. உள்ளே 2048 இருந்தால்தான் பேர் மாற்றி ஐஎஸ்ஓ ஆகும். உங்களுக்கு மவுண்ட் ஆனவை 2048 பின்களாக இருக்கும். டிவிடியின் எம்டிஎஃப் (ஆல்கஹால் 120% மென்பொருளின் இமேஜ்) ஃபைலுக்கும் இது பெரும்பாலும் பலிக்கும், டிவிடியில் டேட்டா 2048ஆகத்தான் வரும் என்பதால். சிடியின் எம்டிஎஃப் 2352ஆகவோ, சப்சேனல் என்ற கூடுதல் குறிப்பு 96 பைட் சேர்ந்து 2448ஆகவோ இருக்கலாம். அங்கே பேர் மாற்றுவது வீண்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், ஃபைல் அளவைப் பைட்டில் எடுத்து 2048, 2352, 2448 மூன்றாலும் வகுத்துப் பாருங்க. எது மீதியில்லாமல் வகுபடுகிறதோ அதுதான். முடிஞ்சது.

நாலுரோடு
ஜூலை 7, மாலை 6.02

முடியலை. காலையில் சொன்னதைத் திருத்திக்கிறேன். 2048க்கும் 2352க்கும் மீச்சிறு பொது மடங்கு 3,01,056. ஃபைல் அளவு இதன் மடங்காக இருந்தால் இரண்டாலும் வகுபடும். 147 ஐஎஸ்ஓவில் ஒன்றுக்கு இப்படி அமையலாம். அபூர்வம்தான், ஆனால் வகுத்தலை மட்டும் நம்பி ஒரு ஃபோல்டர் முழுக்கப் பேர் மாற்றினால் ஒன்றிரண்டு மாட்டும்.

உறுதியான வழி ஹெக்ஸ் எடிட்டர், அதாவது ஃபைலைப் பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருள். ஃபைலின் முதல் 12 பைட் 00, பிறகு பத்து எஃப்எஃப், பிறகு 00 என்று இருந்தால் அது 2352 டேட்டா செக்டர். பதினாறாவது பைட் மோட்: 01 அல்லது 02. அப்படி இல்லையென்றால் 32,769ஆம் இடத்துக்குப் (0லிருந்து எண்ணி) போங்க. சிடி001 என்ற ஐந்து எழுத்து அங்கே இருந்தால் ஐஎஸ்ஓ. இரண்டும் இல்லையென்றால் பாட்டு டிராக்காகவோ வேறு எதுவாகவோ இருக்கும்.

க்யூ தொலைந்து பின் மட்டும் கையில் இருந்தாலும் இதே பதினாறாவது பைட்தான் துணை. நோட்பேடில் மூன்றே வரி, எல்லாம் ஆங்கில எழுத்தில். முதல் வரி ஃபைல் என்ற சொல், இரட்டை மேற்கோளுக்குள் பின் ஃபைலின் பெயர், பைனரி. இரண்டாவது டிராக் 01, மோட்1/2352 அல்லது மோட்2/2352. மூன்றாவது இண்டெக்ஸ் 01, 00:00:00. ஒரே டிராக் டிஸ்க்குக்கு இது போதும். விசிடிக்குப் போதாது, ஒவ்வொரு டிராக் தொடங்கும் இடமும் வேணும். கடைசி ஜோடி எண் நொடியின் பின்னம் இல்லை, செக்டர். 00லிருந்து 74 வரைதான் போகும்.

க்யூ இருந்தும் மவுண்ட் ஆகவில்லையென்றால் பெரும்பாலும் முதல் வரியில் பழைய கம்ப்யூட்டரின் டி டிரைவ் பாதை அப்படியே இருக்கும். பாதையை வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் வைங்க. பின் ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் ஆங்கில எழுத்துக்கு மாற்றுங்க, பல மென்பொருள் இந்த இடத்தில் தடுக்கி விழும். நோட்பேட் சத்தமில்லாமல் கடைசியில் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்க.

மூடுபனி, ஏற்காடு
ஜூலை 9, இரவு 8.40

பாட்டு சிடியையும் இப்படித்தான் எடுக்கணுமா? காப்பி பண்ணா ஒவ்வொரு பாட்டும் 44 பைட்தான் வருது. இன்னொன்னு, எங்க வீட்டு டிஸ்க் பையில பாதி டிஸ்க் மேல வெள்ளையா சிலந்திவலை மாதிரி படர்ந்திருக்கு. இங்க பனி அப்படி.

நாலுரோடு
ஜூலை 9, இரவு 9.33

44 பைட் வருவது பாட்டே இல்லை. டிராக் எங்கே தொடங்குகிறது என்று விண்டோஸ் தானாக எழுதிக் காட்டும் சீட்டு, அவ்வளவுதான். சிடிஏ ஃபைல் நூறு வைத்திருந்தாலும் ஒரு பாட்டும் கையில் இல்லை.

பாட்டு சிடியில் ஃபைல் சிஸ்டமே கிடையாது, அதனால் ஐஎஸ்ஓ என்ற பேச்சுக்கே இடமில்லை. 2352 பைட்டும் பாட்டுதான்: நொடிக்கு 44,100 மாதிரி (சாம்பிள்), ஒன்று 4 பைட், அதை 75ஆல் வகுத்தால் செக்டருக்கு 588 மாதிரி, பெருக்கினால் 2352. பின்/க்யூ எடுங்க, இல்லையென்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில், தரம் குறையாத ஃப்ளாக் வடிவமாக எடுங்க. ஒரே டிஸ்க்கை இரண்டு டிரைவில் எடுத்து ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. பயப்படாதீங்க, ஒவ்வொரு டிரைவும் சில மாதிரிகள் முன்னே பின்னே தொடங்கும். டேட்டா டிஸ்க்கில் இப்படி வந்தால்தான் பயப்படணும், அங்கே செக்டரிலேயே முகவரி எழுதியிருக்கிறது.

பூஞ்சைக்கு: கம்பளித் துணி, பேஸ்ட், சோப்புப் பவுடர் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மைக்ரோஃபைபர் துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கணும், சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. நேர்க்கோட்டுக் கீறலைப் பிழை திருத்தம் தாண்டிவிடும். வட்டக் கீறல் டிராக்கோடு கூடவே ஓடும், தாண்டாது.

அடிப்பக்கத்தைவிட மேல்பக்கத்தில்தான் அதிகக் கவனம் வேணும். நம்ம ஊர் ஆளுக்குச் சொன்னால் உடனே புரியும். டிவிடி என்பது தட்டுவடை செட்: இரண்டு தட்டுக்கு நடுவில் சரக்கு, இரு பக்கமும் 0.6 மிமீ பிளாஸ்டிக் காவல். சிடி என்பது ஒரே தட்டு, மேலே சட்னி. வெள்ளிப் பூச்சு மேல்பக்கம் இருக்கிறது, அதற்குக் காவல் மெல்லிய அரக்குப் பூச்சும் அச்சும்தான். பால்பாயின்ட் பேனாவில் அழுத்தி எழுதினால் போச்சு. பூஞ்சை மேல்பக்கம் இறங்கி, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளையாகத் தெரிகிறதென்றால் அந்த இடம் எந்த டிரைவுக்கும் வராது.

குளிரில் இருந்த டிஸ்க்கைச் சேலத்துக்குக் கொண்டுவந்ததும் டிரைவில் போடாதீங்க. வேர்த்து நிற்கும். அரை மணி நேரம் உறையோடு வெளியே கிடக்கட்டும்.

சூரமங்கலம்
ஜூலை 13, மதியம் 1.15

பேர் மாத்தற விஷயம் ஒத்துக்கறேன். என்கிட்ட என்ஆர்ஜி, சிடிஐ, சிசிடி, டிஎம்ஜின்னு ஒரு மூட்டை கெடக்கு. தனித்தனியா சொல்லுங்க.

நாலுரோடு
ஜூலை 13, இரவு 10.50

என்ஆர்ஜி நீரோவுடையது. விவரமெல்லாம் ஃபைலின் வாலில் இருக்கும், கடைசி 12 பைட்டில் என்இஆர்5 என்ற குறி, பழையதில் கடைசி 8 பைட்டில் நீரோ என்ற குறி. பாதி இறங்கிய என்ஆர்ஜி எதிலும் திறக்காமல் போவது இதனால்தான், வால் இல்லை. முழு ஃபைலாக இருந்தால், முன்னால் இருக்கும் 3,07,200 பைட்டை வெட்டினால் ஐஎஸ்ஓ. அது 150 செக்டர் x 2048, தொடக்க இடைவெளி. லினக்ஸில் வெட்டாமலே லூப் மவுண்டில் ஆஃப்செட் 3,07,200 கொடுக்கலாம். எப்போதும் பலிக்காது: ஒரே டிராக், 2048 டேட்டா என்றால்தான். வெட்டுவதற்கு முன் 3,39,969ஆம் இடத்தில் சிடி001 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்க.

சிசிடி க்ளோன்சிடி. மூன்று ஃபைல்: சிசிடி அட்டவணை, ஐஎம்ஜி 2352 செக்டர்கள், சப் என்பது செக்டருக்கு 96 பைட் சப்சேனல். மூன்றையும் பிரிக்காதீங்க. ஐஎம்ஜியை மட்டும் வைத்து மேலே சொன்ன க்யூ எழுதினாலும் ஓடும், சப்சேனலைப் பார்க்கும் பழைய விளையாட்டுகளின் காப்புப் பூட்டு மட்டும் ஏமாறாது.

சிடிஐ டிஸ்க்ஜக்லர். இதுவும் வால் கட்சி. டிரீம்காஸ்ட் என்ற பழைய விளையாட்டுக் கருவியின் ஆட்கள் மட்டும்தான் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

டிஎம்ஜி மேக்குடையது. வாலில் 512 பைட், தொடக்கத்தில் கோலி (koly) என்ற நான்கு ஆங்கில எழுத்து. உள்ளே பெரும்பாலும் அமுக்கி வைத்திருக்கும், அதனால் பேர் மாற்றும் வித்தை இங்கே அறவே செல்லாது. உள்ளே இருப்பதை எடுக்க மட்டும் 7-ஜிப் போதும். மேக் கையில் இருந்தால் எச்டிஐயூடில் கட்டளையில் கன்வர்ட், வடிவம் யூடிடிஓ. சிடிஆர் என்று முடியும் ஃபைல் வரும், அது அமுக்காத இமேஜ்.

டிஏஏ, ஐஎஸ்இசட் இரண்டும் அந்தந்த மென்பொருள் கடையின் சொந்தச் சரக்கு. இன்று திறக்கும்போதே ஐஎஸ்ஓவாக மாற்றி வைத்துவிடுங்க.

விண்டோஸில் மவுண்ட் செய்ய வின்சிடிஎமு இலவசம்: ஐஎஸ்ஓ, க்யூ, என்ஆர்ஜி, எம்டிஎஸ், சிசிடி எல்லாம் எடுக்கும். லினக்ஸில் சிடிஎமு இன்னும் தாராளம், ஆனால் விஎச்பிஏ என்ற கெர்னல் (லினக்ஸின் உள்கரு) மாட்யூல் வேணும். கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் டிரைவ் காணாமல் போனால் அந்த மாட்யூலை மறுபடி பில்ட் செய்யணும்.

நாலுரோடு
ஜூலை 14, காலை 6.55

விட்டுப்போனது: விண்டோஸ் 8லிருந்து ஐஎஸ்ஓ தானாக மவுண்ட் ஆகும். நல்ல ஐஎஸ்ஓவையே "மவுண்ட் செய்ய முடியவில்லை" என்று சொன்னால் ஃபைல் ஸ்பார்ஸ் (வெற்றுப் பகுதிக்கு இடம் ஒதுக்காதது) என்று குறிக்கப்பட்டிருக்கலாம், டோரண்டில் இறக்கியவற்றில் அடிக்கடி வரும். அதே ஃபைலை இன்னொரு பெயரில் காப்பி செய்து திறந்து பாருங்க. என்டிஎஃப்எஸ் கம்ப்ரஸ் செய்த ஃபோல்டரில் இருந்தாலும் இதே தொல்லை.

மூடுபனி, ஏற்காடு
ஜூலை 21, இரவு 7.30

ஸ்டுடியோக்காரர் குடுத்த போட்டோ சிடி. டிரைவ்ல போட்டா 400 போட்டோ. இமேஜ் எடுத்து மவுண்ட் பண்ணா 150தான். அதுலயும் தமிழ் பேர் வச்ச ஃபோல்டரெல்லாம் கேள்விக்குறி.

நாலுரோடு
ஜூலை 21, இரவு 9.15

முதலாவது மல்டிசெஷன். ஒரே டிஸ்க்கில் பல நாளில் சேர்த்து எழுதியது. டிரைவ் கடைசி செஷனின் அட்டவணையைப் பார்க்கும், அதில் எல்லாம் இருக்கும். ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்யும்போது செஷன் என்ற விவரமே இல்லை, 16ஆம் செக்டரில் இருக்கும் முதல் அட்டவணையைத்தான் பார்க்கும். முதல் நாள் போட்டோ மட்டும் தெரியும். ஐசோபஸ்டர் மென்பொருளில் ஒவ்வொரு செஷனாகத் தெரியும், கடைசி செஷனிலிருந்து ஃபைலாக எடுத்துக்கொள்வதே எளிது. முழு இமேஜ்தான் வேணும் என்று லினக்ஸில் டிடி என்ற காப்பிக் கட்டளையை ஓட்டினால் முதல் செஷன் முடியும் இடத்தில் நிற்கும்: முதல் இரண்டு செஷனுக்கு நடுவில் 11,400 செக்டர், அடுத்தடுத்தவற்றுக்கு 6,900 செக்டர் படிக்க முடியாத வெற்றிடம். செஷனுக்கு 13லிருந்து 22 எம்பி வீண்.

டிடி பற்றி இன்னொன்று. ஒரே செஷன் டிஸ்க்கிலும் கடைசி ஓரிரு செக்டரில் எர்ரர் வரும். டிஸ்க் கெடவில்லை, டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதும்போது லேசர் அணையும் இடம் அது. ஐசோசைஸ் கட்டளைக்கு எக்ஸ் (-x) ஸ்விட்ச் கொடுத்தால் உண்மையான செக்டர் எண்ணிக்கை சொல்லும். பிளாக் அளவு 2048, எண்ணிக்கை அது, அவ்வளவே படிக்கச் சொல்லுங்க.

தமிழ்ப் பெயர்: எழுதியவர் ஜோலியட் (நீளப் பெயரும் பிற மொழி எழுத்தும் வைக்க உதவும் ஐஎஸ்ஓ நீட்சி) போட்டிருந்தால் பெயர் பத்திரமாக இருக்கிறது, மவுண்ட் செய்யும்போது ஐஓசார்செட் யூடிஎஃப்8 என்று சொன்னால் தெரியும். போடாமல் எழுதியிருந்தால் அடிக்கோடாக மாறியிருக்கும், மீட்க வழியில்லை.

நீங்கள் எழுதும்போது ஒரு கணக்கு நினைவில் வைங்க. ஜோலியட்டில் பெயருக்கு 64 குறி. நம்ம எழுத்தில் 64 இல்லை. "திருமணம்" நமக்கு ஐந்து எழுத்து, கம்ப்யூட்டருக்கு எட்டு: கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி. லினக்ஸ் பக்கத்து நீட்சியான ராக் ரிட்ஜில் யூடிஎஃப்-8ஆக ஒவ்வொன்றும் 3 பைட், 255 பைட்டில் 85 குறி. மணமக்கள் பெயர், மண்டபம், தேதி எல்லாம் சேர்த்து ஃபைலுக்குப் பெயர் வைத்தால் தேதி வெட்டுப்படும். தேதியை முன்னால் வைங்க. மேக்கிலிருந்து வந்த ஃபைல் என்றால் "கொ" மூன்று குறியாக உடைந்து வரலாம், விண்டோஸில் அதே பெயரைத் தேடினால் கிடைக்காது.

தறிக்காரர், அம்மாபேட்டை
ஜூலை 28, இரவு 8.20

முதல் ரெண்டு டிஸ்க் பின்/க்யூவா வந்துருச்சு. 529 எம்பி, நீங்க சொன்ன கணக்கேதான். மூணாவதுல தாலி கட்டற எடத்துலயே கீறல். கெட்ட டிஸ்க்ல இருந்து மீட்கற டிடிரெஸ்க்யூ ஓட்டலாமா?

நாலுரோடு
ஜூலை 28, இரவு 9.02

விசிடிக்கு ஆகாது. டிடிரெஸ்க்யூ 2048ஆகத்தான் படிக்கும், ஃபார்ம் 2 டிராக்கில் நல்ல செக்டரையும் கெட்டது என்று குறித்துவிடும். டேட்டா டிஸ்க்குக்கு அதைவிட்டால் வேறு இல்லை: பிளாக் அளவு 2048, முதல் ஓட்டம் சுரண்டாமல், இரண்டாவது ஓட்டம் நேரடிப் படிப்பு, மூன்று மறுமுயற்சி, எது படித்தாச்சு, எது பாக்கி என்று குறிக்கும் மேப் ஃபைலை அழிக்காமல் டிரைவ் மாற்றி மாற்றி.

உங்களுக்கு வேறு வழி இருக்கலாம். கல்யாண விசிடி ஒரே செட் தருவதில்லையே. பெண் வீட்டு செட் யாரிடம்?

தறிக்காரர், அம்மாபேட்டை
ஜூலை 28, இரவு 9.10

மச்சான் வீட்ல இருக்கும். ஆடிக்குக் கூப்பிட்டிருக்காங்க. போறப்ப எடுத்துட்டு வரேன்.

நாலுரோடு
ஜூலை 28, இரவு 9.58

எடுத்து வாங்க. இரண்டும் ஒரே இமேஜிலிருந்து எழுதியதாக இருந்தால் செக்டருக்கு செக்டர் ஒன்றே. இரண்டையும் ரா-வாக, அதாவது 2352 முழுசாக, படிக்க முடியாததைத் தாண்டிப் போகும்படி எடுங்க. பின் அளவு இரண்டும் பைட் பிசகாமல் ஒத்துப்போகணும், இல்லையென்றால் தனித்தனியாக எழுதியது, ஒட்ட முடியாது.

ஒட்டும் முறை: கெட்ட செக்டர் எண்ணுக்கு, பிளாக் அளவு 2352 வைத்து, நல்ல பின்னிலிருந்து அந்த ஒரு செக்டரை எடுத்து அதே எண் இடத்தில் எழுதணும். டிடியில் ஸ்கிப், சீக் இரண்டுக்கும் அதே எண், கவுன்ட் 1. நோட்ரங்க் என்பதை மறந்தால் அந்த இடத்துக்குப் பின்னால் இருக்கிற கல்யாணம் மொத்தமும் வெட்டுப்படும். காப்பி எடுத்து வைத்துக்கொண்டு செய்ங்க.

சரியான இடம்தானா என்று பார்க்க, செக்டரின் 13, 14, 15ஆம் பைட்டுகள் நிமிடம், நொடி, செக்டர். ஹெக்ஸ் எடிட்டரில் 12 30 40 என்று தெரிந்தால் அதைச் சாதாரண எண்ணாகவே படிக்கலாம். 12 x 60 + 30 = 750 நொடி, 75ஆல் பெருக்கி 40 கூட்டினால் 56,290. தொடக்க இடைவெளி 150ஐக் கழித்தால் செக்டர் 56,140. ஃபைலில் 13,20,41,280ஆம் பைட்.

தறிக்காரர், அம்மாபேட்டை
ஆகஸ்ட் 11, இரவு 10.26

அளவு ஒத்துச்சு. எங்க டிஸ்க்ல 38 செக்டர் போயிருந்துச்சு. அவங்க டிஸ்க்லயும் கீறல் இருக்கு, ஆனா வேற எடத்துல, சாப்பாட்டுப் பந்தியில. 38ஐயும் ஒட்டியாச்சு. தாலி கட்டற எடம் தடங்கல் இல்லாம ஓடுது. இப்ப மச்சான் அவர் டிஸ்க்குக்குப் பந்தியை ஒட்டித் தரச் சொல்றார்.

நாலுரோடு
ஆகஸ்ட் 11, இரவு 10.40

ஒட்டி முடித்த உங்கள் பின் ஃபைலையே அவருக்குக் கொடுங்க. க்யூவையும் சேர்த்து. முதல் வரியில் உங்கள் டி டிரைவ் பாதை இருந்தால் வெட்டிவிட்டு.